மூடியின் உள்பக்கம்

— லெட்டர் இருக்கு, சீல் இருக்கு, கையெழுத்தும் இருக்கு. ஆனா 'உதவியாள்'னுல்ல போட்டிருக்கு. இதை நான் வாங்க முடியாதும்மா.

— உதவியாள்னா என்ன சார் அர்த்தம்?

— ஏணி பிடிக்கறவங்க, சாமான் தூக்கறவங்க. விதி என்ன சொல்லுதுன்னா, அஞ்சு வருஷம் வயரிங் வேலையைச் சொந்தக் கையால பாத்திருக்கணும். அப்பத்தான் லைசென்ஸ். நீங்க பரீட்சை பாஸ் பண்ணியிருக்கீங்க, மார்க்கும் நல்ல மார்க்கு. ஆனா அந்த பாஸ் இந்த மாசக் கடைசியோட செல்லாமப் போயிடும். அதுக்குள்ள சரியான லெட்டர் கொண்டாங்க.

— கேட்டியா அண்ணே? நான் பதினாறு வருஷமா ஏணி பிடிச்சிருக்கேன்.

— பாப்பா, கவுண்டர்ல நின்னுகிட்டு சத்தம் போடாதே. சார், நான்தான் இதோட அண்ணன். காண்ட்ராக்டர். லைசென்ஸ் என் பேர்லதான் இருக்கு. இந்த லெட்டரும் நான் குடுத்ததுதான்.

— தெரியும் சார். வருஷத்துக்கு நாலு வயரிங் டெஸ்ட் ரிப்போர்ட் உங்க கையெழுத்தோட இந்த ஜன்னல் வழியாத்தான் உள்ள வருது.

— நான் என்ன சொல்றேன்னா சார், லைசென்ஸ் இல்லாத ஆளை வச்சு வயரிங் பண்ணேன்னு நானே எழுதிக் குடுத்தா, என் லைசென்ஸ் என்ன ஆகும்? இதுக்கு அது புரிய மாட்டேங்குது.

— புரிஞ்சுது அண்ணே. அதனாலதான் இத்தனை வருஷம் வாயைத் திறக்கல.

— பின்ன இப்ப என்ன வந்துச்சு?

— பல் டாக்டர் ஆஸ்பத்திரில குழாயைத் தொட்டுட்டு அந்தப் பெருக்கற அம்மா கீழ விழுந்துச்சே, அது வந்துச்சு.

— அது பொழைச்சுக்கிச்சு, பாப்பா.

— பொழைச்சுக்கிச்சு. கை இன்னும் நடுங்குது. மூணு வருஷத்துக்கு முந்தி, அங்க எர்த் சரியில்ல, கசியற கரண்ட் மண்ணுக்குள்ள இறங்காது, இன்னொரு குழி வெட்டணும்னு நான் சொன்னேனா இல்லையா? 'டைல்ஸ் ஒட்டியாச்சு, இப்ப போய் உடைக்கச் சொன்னா டாக்டர் என்னை உடைச்சிடுவார்'னு சிரிச்சுகிட்டே கையெழுத்து போட்ட. போன மாசம் அவர் வந்து கத்தினப்ப என்ன சொன்ன? சார்கிட்ட சொல்லு.

— அதெல்லாம் இங்க எதுக்கு பாப்பா?

— சொல்ல மாட்டார் சார். 'வயரிங் எல்லாம் என் தங்கச்சி பண்ணது, அவளைக் கேளுங்க'ன்னார். ஷாக் அடிச்சா வேலை என்னுது. லெட்டர் கேட்டா நான் ஏணி பிடிக்கறவ.

— வீட்டு விஷயத்தை வீட்ல பேசிக்கோங்கம்மா. பின்னாடி ஆள் நிக்கறாங்க.

— வீட்ல பேசினா, சாப்பிட்டியான்னு கேட்டுப் பேச்சை மாத்திடுவார் சார். இந்த லெட்டரை விட்டா வேற வழியே இல்லையா?

— இருக்கு. ஆனா அது உங்களுக்கு ஆகாது. இந்த ஆபீஸே குடுத்த காகிதம் ஏதாவது ஒன்னு. அதுல இன்னார் இன்ன வேலை பாத்தார்னு இருந்தா ஏத்துக்கலாம். நான் இந்த சீட்டுக்கு வந்து இருபது வருஷமாச்சு, ஒருத்தரும் அப்படி ஒன்னு கொண்டு வந்ததில்லை.

— காலைல வரைக்கும் இதைக் குடுக்கறதா வேண்டாமான்னு மனசு ரெண்டா இருந்துச்சு சார். இப்ப இல்ல. இந்த மனுவை வாங்கிக்கோங்க.

— என்ன இது?

— புகார். லைசென்ஸ் இல்லாம வயரிங் செஞ்சது பத்தி.

— பாப்பா!

— புகார் வந்தா பத்து நாளைக்குள்ள விசாரிச்சு உத்தரவு போடுவோம்னு சுவத்துல ஒட்டியிருக்கீங்களே சார், அது நெசமா?

— நெசம்தான். புகார்னா மேலேர்ந்து கேள்வி வரும். அதனால அது ஒன்னு மட்டும் இங்க நாள் தவறாம நடக்கும்.

— மாசக் கடைசிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. போதும்.

— கூடப் பொறந்தவன் மேலயே புகாரா? அம்மா இருந்திருந்தா...

— அம்மா இருந்திருந்தா, அந்தப் பெருக்கற அம்மாவைப் போய்ப் பாத்துட்டு வாடான்னு உன்னைத் துரத்தியிருக்கும்.

— இது என்னம்மா பக்கம் பக்கமா? செருப்புக் கடை, அச்சாபீஸ், மாவு மில்லு, தையல் பள்ளிக்கூடம்... அறுபத்து மூணு இடமா?

— அறுபத்து மூணும் லைசென்ஸ் இல்லாத ஆள் பண்ண வயரிங் சார். கையெழுத்து மட்டும்தான் அண்ணனுது.

— சும்மா சொன்னா ஆச்சா? ஆதாரம் வேணுமே.

— உங்க அலமாரிலயே இருக்கு. அண்ணன் குடுத்த ரிப்போர்ட் ஃபைலை எடுங்க. எர்த் டெஸ்ட்னு ஒரு கட்டம் இருக்கும். என்ன போட்டிருக்கு?

— ஒன்னு.

— அடுத்ததுல?

— ஒன்னு. இதுலயும் ஒன்னு... இதுலயும்.

— பாறை மேல கட்டின வீட்டுக்கும் ஒன்னு, ஆத்தோரத்து வீட்டுக்கும் ஒன்னு. வெயில்லயும் ஒன்னு, மழையிலயும் ஒன்னு. பூமிக்கு எங்க அண்ணன் மேல அப்படி ஒரு பாசம் சார்.

— நான் என்ன சொல்றேன்னா சார், எல்லா காண்ட்ராக்டரும் அப்படித்தான் போடறாங்க. அந்த நம்பர் குறையக் குறைய நல்லது, ஒன்னுன்னா ரொம்ப நல்ல எர்த்னு அர்த்தம். யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க.

— இதை நீங்க என்கிட்ட சொல்லியிருக்கவே வேண்டாம் சார்.

— வேலை பாத்த ஆள் அப்படிப் போடாது. மீட்டர் என்ன காட்டுச்சோ அதைத் தேதியோட, மெயின் போர்டு மூடிக்கு உள்பக்கம் பென்சில்ல எழுதி வைக்கும். அடுத்து கை வைக்கறவங்களுக்குத் தெரியணும்ல. அறுபத்து மூணு மூடியிலயும் இருக்கு. நாப்பதாவதைப் படிங்க சார்.

— நாப்பது... இந்த ஆபீஸா?

— உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கே, அந்த போர்டுதான். கொஞ்சம் எழுந்திரிங்க. இந்தாங்க ஸ்க்ரூ டிரைவர், நாலே நாலு ஸ்க்ரூ. முதல்ல மெயினை அணைச்சிடுங்க.

— அணைச்சா ஃபேன் நிக்குமே.

— நிக்கட்டும் சார். உயிரோட இருந்தாத்தானே வேர்க்கும்.

— அணைச்சாச்சு. நாலும் கழண்டுச்சு, மூடியைத் திருப்பறேன்.

— தெரியுதா? டார்ச் அடிக்கட்டுமா?

— தெரியுது. எட்டு வருஷத்துக்கு முந்தின தேதி. 'ஒன்பது புள்ளி நாலு'ன்னு எழுதி அடிச்சிருக்கு. அதுக்குக் கீழ, 'ரெண்டாவது குழி, ரெண்டு புள்ளி ஒன்னு.'

— நீங்க வண்டி நிறுத்தற இடத்துல சுவரோரமா இருக்கு அந்தக் குழி. வெட்ட வெட்ட கல்லா வந்துச்சு. ரெண்டு நாள் ஆச்சு. கரியும் உப்பும் போட்டு நிரப்பினது.

— ஃபைல்ல ஒன்னுன்னு இருக்கு.

— இருக்கும்.

— எட்டு வருஷமா இதுல முதுகைச் சாய்ச்சுகிட்டு உக்காந்திருக்கேன்... ம். மெயினைப் போடலாமாம்மா?

— மூடியை முடுக்கிட்டுப் போடுங்க சார்.

— சார், ஒரு நிமிஷம். ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இதுக்கெல்லாம் என்ன தண்டனை வரும்?

— கையெழுத்து போட்டவருக்கு விளக்கம் கேட்டு லெட்டர் வரும். பதில் சரியில்லைன்னா லைசென்ஸை நிறுத்தி வைப்பாங்க. லைசென்ஸ் இல்லாம வேலை பாத்தவருக்கு, முதல் தடவைன்னா, அபராதத்தோட விட்டுடுவாங்க. எங்கெங்க என்னென்ன வேலை பாத்தார்னு பட்டியல் போட்டு, இனிமே லைசென்ஸ் வாங்கிட்டுத்தான் வேலை பாக்கணும்னு உத்தரவு. விதி அவ்வளவுதான் சொல்லுது.

— பாப்பா, வா வெளிய. வேற லெட்டர் தரேன். உதவியாளை எடுத்துடறேன், வயர்மேன்னே போடறேன். அந்த மனுவைக் கிழிச்சிடு.

— எத்தனை வருஷம்னு போடுவ?

— ரெண்டு.

— சார் அஞ்சு கேக்கறார்.

— அஞ்சு போட்டா ஆஸ்பத்திரி வேலையும் உள்ள வந்துடும் பாப்பா.

— வரட்டும். அதுதான் முதல்ல வரணும்.

— உனக்கு நான் என்ன குறை வச்சேன்? ஒரு நாளாவது வேலை இல்லைன்னு உக்கார விட்டிருப்பேனா? உனக்கு எதுக்கு லைசென்ஸ்? கையெழுத்து போடத்தான் நான் இருக்கேனே.

— போடறதுக்குக் கேக்கல அண்ணே. போட மாட்டேன்னு சொல்றதுக்குக் கேக்கறேன். இன்னைக்கு நான் எர்த் சரியில்லைன்னு சொன்னா, அது ஏணி பிடிக்கற பொம்பளை பேச்சு. டீ குடிச்சுகிட்டே தாண்டிப் போயிடுவீங்க. கையெழுத்து என்னுதா இருந்தா, நான் போடாம கரண்ட் வராது. டைல்ஸை உடைச்சுத்தான் ஆகணும்.

— என் லைசென்ஸ் நின்னா உன் பொழப்பும் சேர்ந்துதான் நிக்கும். யோசிச்சியா?

— யோசிச்சேன். அந்த அம்மாவுக்கு டீ வாங்கிக் குடுத்தேன் அண்ணே. டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுது. அப்பவும் சிந்துச்சு. அதுக்கு மேல யோசிக்க ஒன்னும் இல்ல. நம்பர் போடுங்க சார்.

— போடறேன். புகார் குடுக்கறவர் பேர், விலாசம், கையெழுத்து எல்லாம் இருக்கு. யார் மேல புகார்ங்கற இடம் மட்டும் காலியா இருக்கு. அதை நிரப்பினாத்தான் பதிவு பண்ண முடியும்.

— என் பேரைப் போடுங்க சார். அதுதானே இதோட ஆசை. போடுங்க.

— கொஞ்சம் சும்மா இரு அண்ணே. பேனா குடுங்க சார், நானே எழுதறேன்.

— இந்தாங்க பேனா.

— எழுதிட்டேன். சரியா இருக்கா பாருங்க.

— அம்மா... ரெண்டு இடத்துலயும் ஒரே பேரா எழுதியிருக்கீங்க.

— ஆமா சார்.

— ஒரே விலாசம்.

— ஒரே ஆள்தானே சார்.

— பாப்பா, என்ன எழுதின? சார், என்ன எழுதியிருக்கு?

— கூடாதுன்னு விதில... இல்ல. எங்கயும் இல்ல. சரிம்மா, பதிவு பண்ணிட்டேன். உத்தரவு பத்து நாள்ல தயாராகும். குற்றம் செஞ்சவருக்குத் தபால்ல அனுப்பி வைப்போம்.

— தபால் எதுக்கு சார்? அறுபத்து மூணு வேலையும் தேதியோட எழுதி, ஆபீஸ் சீல் குத்தி, கையிலயே குடுங்க. அண்ணன் லெட்டருக்குப் பதிலா அந்த ஆபீஸ் காகிதத்தை அப்பவே இதே ஜன்னல்ல திருப்பிக் குடுத்துடறேன்.