வீட்டம்மா மீட்டர்

எனக்கு சினிமான்னா ரொம்பப் பிடிக்கும், தம்பி. அதை முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா உங்க பத்திரிகை படிக்கிறவங்க யாரும் அதை நம்ப மாட்டாங்க. நீங்க என் வீட்டுக்காரருக்குத்தான் எழுதியிருந்தீங்க, பதில் நான் போடுறேன். தப்பா எடுத்துக்காதீங்க. கேள்விக்கு விடை தெரிஞ்ச ஆள் இந்த வீட்டுல நான் மட்டும்தான்.

நீங்க கேட்டது, அவரு விமர்சனத்துல எழுதின குதிரையைப் பத்தி. அந்தக் கிழவன் படம் இப்ப வீட்டுலயே பார்க்கக் கிடைக்குது. வாசகர் ஒருத்தர் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்காரு, குதிரையைக் காணோமாம். நீங்களும் உக்காந்து பார்த்தீங்களாம், காணோமாம். ஆசிரியரா வந்த புதுசுல எல்லாரும் இப்படித்தான் சிரத்தையா இருப்பாங்க. குதிரை இல்லை, தம்பி. அதை நான்தான் கொண்டுவந்து நிறுத்தினேன்.

என் வீட்டுக்காரரைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன. உங்க பத்திரிகையில 'தவறாமல் பாருங்கள்'னு அவரு எழுதுறதைப் பார்த்துட்டுத்தான் பாதி ஜனம் டிக்கெட் எடுக்குது. மீதி ஜனம் அவரு திட்டின படத்துக்குப் போய் சந்தோஷமா இருக்குது. எதுக்கெடுத்தாலும் அரை ஸ்டார் போடுறதால அவரு பேரே அரை ஸ்டார்னு ஆயிடுச்சு. அவருக்கு அதுல கோபம் இல்லை. பட்டம் வாங்கின மாதிரி ஒரு நடை நடப்பாரு.

கல்யாணமான புதுசுல ஒரு படத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. அதுல ஒரு அம்மா, தொலைஞ்சுபோன பிள்ளையை ரயில் நிலையத்துல கண்டுபிடிக்கிறா. நான் அழுதேன். தியேட்டரே மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்துச்சு. அவரு மட்டும் திரையைப் பார்க்காம என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. ஆசையா பார்க்குறாருன்னு நினைச்சேன். சின்னப் பொண்ணுதானே, அப்படித்தான் தோணும். விமர்சனம் வந்தப்போ கடைசி வரியில இருந்துச்சு: 'என் வீட்டம்மா அழுதார், எனவே அரை ஸ்டார்.'

வாசகர்கள் விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம். அப்புறம் அதுவே தனிப் பகுதியாச்சு. பேரு வீட்டம்மா மீட்டர். நான் அழுதா படம் குப்பை. சிரிச்சா அதைவிடக் குப்பை. வாயைப் பிளந்து தூங்கினா உலகத் தரம், தவறாமல் பாருங்கள். மருந்துக் கடைக்காரர் என்னைப் பார்த்தாலே கேப்பாரு, "என்னம்மா, இந்த வாரம் நல்லாத் தூங்குனீங்களா? அப்ப நான் குடும்பத்தோட போகலாமா?" நானும் சிரிச்சுக்கிட்டே மாத்திரையை வாங்கிட்டு வருவேன். நாற்பது வருஷமா சிரிச்சேன். அது ஒரு பெரிய விஷயம் இல்லை.

அப்புறம் அவருக்குக் கண்ணு மங்க ஆரம்பிச்சுது. ஓரத்துலேர்ந்து இருட்டு வந்துச்சாம், யாரோ திரையை மெதுவா இழுத்து மூடுற மாதிரி. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. பத்திரிகைக்கு, சிநேகிதக்காரங்களுக்கு, வெளியூர்ல இருக்கிற மகளுக்குக்கூட. கண்ணு தெரியாத விமர்சகர்னு சொன்னா, இத்தனை நாளும் அப்படித்தானே இருந்தீங்கன்னு யாராவது கேட்டுடுவாங்கன்னு பயம்.

ஒருநாள் பத்திரிகைக்காரங்களுக்குத் தனியா போட்டுக் காட்டுற படம். அவரு என் பக்கம் சாஞ்சு, "ஏய், என்ன நடக்குது?"ன்னாரு.

"ஏங்க, நீங்கதானே பார்த்துக்கிட்டு இருக்கீங்க?"

"சொல்லேன்டி. எனக்கு மங்கலா இருக்கு."

சொன்னேன். எல்லாம் வெளிநாட்டுப் படம், பாஷையும் அவருக்குத் தெரியாது, கீழே ஓடுற எழுத்தையும் நான்தான் படிக்கணும். பின் சீட்டுக்காரங்க, பாவம் வீட்டம்மாவுக்குப் புரியலை, சார் பொறுமையா விளக்குறாருன்னு நினைச்சுக்குவாங்க. உள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பாரு. அதையும் யாரும் கேக்கலை. பெரிய விமர்சகர்னா அப்படித்தான் போலன்னு ரெண்டு பேரு அதேமாதிரி வாங்கிப் போட்டுக்கிட்டாங்க.

ஆரம்பத்துல நான் ரொம்ப யோக்கியமாத்தான் சொன்னேன்.

"ஏங்க, ஒரு கிழவன் பாத்திரம் கழுவுறான்."

"ம்."

"இன்னும் கழுவுறான்."

"ம்."

"அதே பாத்திரம்தாங்க."

"பாத்திரமாடி கழுவுறான்? காலத்தைக் கழுவுறான். உனக்கெங்கே அதெல்லாம் புரியப்போகுது."

சரிதான். எனக்குப் புரியலை. அதனால, பாத்திரத்துக்கும் அடுத்த பாத்திரத்துக்கும் நடுவுல, "ஏங்க, சமையலறைக்குள்ள ஒரு வெள்ளைக் குதிரை வந்து நிக்குது"ன்னேன்.

அவரு நிமிர்ந்து உக்காந்தாரு. "என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலை. கிழவனைப் பார்க்குது. கிழவன் அதைப் பார்க்கலை."

அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் வராததுமா என்னை டைப் பண்ண உக்கார வெச்சாரு. குதிரைக்கு மட்டும் அரைப் பக்கம். நாலரை ஸ்டார். நாளைக்கே யாராவது சிரிக்கப் போறாங்கன்னுதான் நினைச்சேன். யாரும் சிரிக்கலை, தம்பி. அடுத்த வாரம் இன்னொரு பத்திரிகைக்காரர், அந்தக் குதிரைதான் மரணம்னு எழுதினாரு. வேற ஒருத்தர், இல்லை, அது தொலைஞ்சுபோன இளமைன்னு சண்டைக்குப் போனாரு. படம் எடுத்த பையன்கிட்டயே போய்க் கேட்டாங்க. அவன், "குதிரையை அவங்கவங்க மனசுக்குள்ளதான் பார்க்கணும்"னு சொல்லி ஒரு பரிசையும் வாங்கிட்டுப் போயிட்டான். புத்திசாலிப் பையன்.

அதுக்கப்புறம் எனக்குக் கூச்சம் விட்டுப்போச்சு. மீனவன் படத்துல ஒரு இரட்டைத் தம்பியைச் சேர்த்தேன். பாதிரியார் படத்துல கடைசிக் காட்சியைத் தூக்கி முதல்ல வெச்சேன். எல்லாமே தவறாமல் பாருங்கள்தான். ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன், அவரு சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணினதுல ஒரு புள்ளியைக்கூட மாத்தினது கிடையாது. ஒருத்தர் எழுத்துல கை வைக்கிறது அசிங்கம். அந்த விஷயத்துல நான் ரொம்ப நேர்மை.

இப்ப மகள் படத்துக்கு வர்றேன். நீங்க அதைக் கேக்கலை. ஆனா குதிரையைத் தேடினவரு அடுத்து அதைத்தான் தேடுவாரு.

எங்களுக்கு ஒரே பொண்ணு. அவ எடுத்த முதல் படம். முழுப் படத்துலயும் ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. நல்ல படத்துக்குப் பேச்சு எதுக்குன்னு அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்த பொண்ணு, அப்பாவுக்காகவே அப்படி எடுத்திருந்தா. வேற யாரு என்ன சொன்னாலும் கவலையில்லை, அப்பா நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை எழுதினா போதும்னு எனக்குப் போன் பண்ணி அழுதா. அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துட்டுத்தான் தியேட்டர்காரங்களும் படத்தை எடுக்கிறதா இருந்தாங்க.

நல்ல படம், தம்பி. ஒரு அப்பா தன் பொண்ணைப் படம் படமா கூட்டிட்டுப் போறாரு. இருட்டுல அவ கையைப் பிடிச்சு ஒவ்வொண்ணா காட்டுறாரு. அவ்வளவுதான் கதை. அந்த அப்பா முகத்தை அவ எடுத்திருந்த விதத்தைப் பார்த்தா கல்லும் கரைஞ்சிடும். அம்மா ஒரே ஒரு காட்சியில வர்றா. பக்கத்து சீட்டுல, வாயைப் பிளந்துக்கிட்டுத் தூங்குறா. கூட்டம் சிரிச்சுது. நல்லாவே சிரிச்சுது.

"ஏன்டி சிரிக்கிறாங்க?"ன்னு கேட்டாரு.

"அப்பாவைப் பார்த்துதாங்க"ன்னேன்.

அந்த இடத்துல வாய் தானா அப்படி வந்துடுச்சு. வந்ததுக்கப்புறம் பாதியில நிறுத்த முடியாதில்லையா, கதைன்னா ஒரு கோர்வை வேணும். அப்பனை ஒரு கோமாளியா காட்டியிருக்கான்னேன். ஓசியில படம் பார்க்க அலையுறவன்னேன். கடைசியில பொண்ணு அவரைத் தியேட்டர் வாசல்ல நிக்க வெச்சுட்டுத் திரும்பிப் பார்க்காம போறான்னேன். திரையில அந்த நேரம் பொண்ணு அப்பா தோள்ல சாஞ்சு தூங்கிக்கிட்டு இருந்தா.

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழேர்ந்து கண்ணீர் இறங்குச்சு. நாற்பது வருஷத்துல அவரு ஒரு படத்துக்கு அழுது நான் பார்த்ததே இல்லை. மீட்டரை எனக்குப் பதிலா அவருக்கு மாட்டியிருக்கலாம்.

படம் முடிஞ்சதும் முழங்கையைப் பிடிச்சு வெளியே நடத்திக் கூட்டிட்டு வந்தேன். மகள் கதவுக்குப் பக்கத்துலயே நின்னா. அப்பா கன்னத்துல ஈரம் இருக்குறதைப் பார்த்துட்டு அவ முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு. அவரு ஒரு அடி தள்ளி, அவளைக் கடந்து போயிட்டாரு. அவருக்கு அவ நின்னதே தெரியாது. கையைக் கொஞ்சம் அழுத்தியிருந்தா நின்னிருப்பாரு. நான் அழுத்தலை.

அரை ஸ்டார். 'இந்த இயக்குநருக்குத் தகப்பன் என்றால் யாரென்று தெரியவில்லை.' இந்த வரியையும் நான்தான் டைப் பண்ணினேன். சொந்தப் பொண்ணு படத்துக்கே அரை ஸ்டார் போட்ட நேர்மையைப் பாருங்கன்னு ஜனம் அவரைக் கொண்டாடிச்சு. தியேட்டர்காரங்க பின்வாங்கிட்டாங்க. படம் பெட்டியை விட்டு வெளியே வரலை. அவ அதுக்கப்புறம் வேற எதுவும் எடுக்கலை. இப்ப இந்த ஊருக்கே வந்து, கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுற கடையில வேலை பார்க்குறா. அவரு மத்தியானம் தூங்குறப்போ நான் கீழே பூங்காவுக்குப் போவேன், பேரனைக் கூட்டிட்டு வருவா.

"அன்னிக்கு அப்பா அழுதாரும்மா. நான் பார்த்தேன். அப்புறம் ஏன்மா அப்படி எழுதினாரு?"

"உங்கப்பா குணம் உனக்குத் தெரியாதா கண்ணு. வேலைன்னு வந்துட்டா பெத்த பொண்ணும் அவருக்கு அடுத்த வீட்டுப் பொண்ணுதான்."

மேலே வந்தா அவரு முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. "மகள் போன் ஏதாவது பண்ணினாளா?"

"இல்லைங்க."

"நான் என்னடி பண்ணினேன் அவளுக்கு?"

"விடுங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்க." இப்படித்தான் நான் அவருக்கு ஆறுதல் சொல்லுவேன். வேற யாரு இருக்கா அவருக்கு.

கண்ணு விஷயத்தையும் சொல்லிடுறேன், பாதி சொல்லி வெச்சா நீங்க வேற என்னென்னமோ நினைப்பீங்க. அவரு முதமுதல்ல என்ன நடக்குதுன்னு கேட்டாரே, அதுக்கு மறுநாள்தான் கண் டாக்டர் போன் பண்ணினாரு. பரிசோதனை முடிவு வந்துடுச்சு, உடனே ஆபரேஷன் செஞ்சா இருக்கிற பார்வையை அப்படியே காப்பாத்திடலாம், தள்ளிப்போட்டா முழுசா போயிடும், எப்ப வர்றீங்கன்னு கேட்டாரு. யோசிச்சு சொல்றோம்னு போனை வெச்சேன்.

உள் அறையிலேர்ந்து, "யாரு, டாக்டரா? என்ன சொல்றாரு?"ன்னாரு.

நாற்பது வருஷத்துல முதல் தடவையா ஒரு மனுஷன் என்கிட்ட படத்தைப் பத்திக் கேட்டிருந்தாரு, தம்பி. கேட்டுட்டு, நான் சொல்ற வரைக்கும் காத்திருந்தாரு. இருட்டுல அவரு காது என் வாய்க்குப் பக்கத்துல இருந்துச்சு. அதை வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

"பயப்பட ஒண்ணும் இல்லையாம். சொட்டு மருந்து விட்டா போதுமாம்"ன்னேன். வேளை தவறாம விட்டேன். நல்ல தண்ணிதான், காய்ச்சி ஆறவெச்சது. டாக்டர் அப்புறமும் பண்ணினாரு, வேற டாக்டர்கிட்ட போயிட்டோம்னு சொல்லிட்டேன்.

விளக்கம் ஒண்ணு வேணும், அடுத்த இதழ்ல போடணும்னு கேட்டிருந்தீங்க. இதை அப்படியே போட்டுக்கோங்க, ஒரு வரியும் வெட்டாதீங்க. கீழே என் பேரைப் போடுங்க, வீட்டம்மான்னு போட வேண்டாம். அவரு மனசு கஷ்டப்படுமேன்னு மட்டும் தயங்காதீங்க. இதழ் வந்ததும் அவருக்குப் படிச்சுக் காட்டுறது நான்தான்.