முகம் தெரியாத இருநூறு பேர்

— ஆயர் ஈத்தாம் மண்டபம் வேணாம்னு சொல்லிட்டேன்ல? மறுபடி ஏன்டா அதையே சொல்ற?

— அத்தா, அடுத்த ஞாயித்துக்கிழமை அது காலி. ஸ்கூல் லீவு, எல்லா மண்டபத்தையும் கல்யாணக்காரங்க புடிச்சிட்டாங்க. ஒம்போது எடம் பாத்தாச்சி, தீவுக்குள்ள மிச்சம் இது ஒன்னுதான். ஏர்கோன் இருக்கு, கார் நிறுத்த எடம் இருக்கு. வேணாம்னா காரணம் சொல்லுங்க, எழுதி வெச்சிக்கிறேன்.

— அந்த மண்டபத்து வாட்ச்மேன் நம்ம நாசி கண்டார் சோத்துக் கடையில சாப்புடுறவன்டா! மீன் முட்டை, வெண்டிக்காய், குழம்பு நல்லா ஊத்தி. தெனம் ஒரு மணிக்கு வந்துருவான்.

— அப்படிப் பாத்தா பினாங்குல நம்ம கடையில சாப்புடாதவங்க ரெண்டே பேருதான். ஒருத்தர் உங்க டாக்டர். இன்னொருத்தர் பக்கத்துக் கடை முதலாளி.

— அதுக்குத்தானே தீவ விட்டு, பாலத்தத் தாண்டி, அந்தக் கரை மண்டபத்தப் பாக்கப் போவோம்ங்கிறேன். ஓட்டு, ஓட்டு. சிம்பாங் அம்பாட்டுல இந்தக் கமால யாருக்கும் தெரியாது. யா அல்லா, ஒரு எடத்துல ஒக்கார முடியல தம்பி! சின்னப் பிள்ளையில பெருநாள் சட்டை எடுக்கப் போறப்ப இப்படித்தான் குதிப்பேன்.

— குதிங்க. சீட் பெல்ட்டப் போட்டுட்டு குதிங்க.

— அறுபத்தொரு வயசுடா இக்மல்! அலிஃப்ல ஆரம்பிச்சி, கடைசிப் பக்கம் வரைக்கும், ஒரு எழுத்து விடாம குர்ஆன ஓதி முடிச்சிருக்கேன்! நேத்து கடைசி வரிய ஓதிட்டு நான் என்ன செஞ்சேன் தெரியுமா?

— தெரியும். வெங்காய மூட்டையக் கட்டிப் புடிச்சிக்கிட்டீங்க. நான்தான் கதவுகிட்ட காவலுக்கு நின்னேன்.

— அந்தக் கடை ஸ்டோர்லதானே ரெண்டு வருசமா ஓதுனேன்!

— போன்ல ஓதிக் குடுக்கிற உஸ்தாத், காதுல இயர்போன். கடையில எல்லாரும் நீங்க பந்து மேட்ச் கேக்குறீங்கன்னு நெனச்சாங்க. எட்டிப் பாத்து ‘யாரு கோலு?’ன்னு ஒருத்தன் கேட்டதுக்கு ‘ரெண்டு ஒன்னு’ன்னீங்க.

— வேற என்னன்னு சொல்றது? குர்ஆன்ல பகரா சூராவுல பாதியில நிக்கிறேன்னா சொல்ல முடியும்?

— எனக்கு ஒன்னு மட்டும் புரியல அத்தா. ஒம்போது வயசுப் பிள்ளை ஓதி முடிச்சா தெருவே கூடி நெய்ச்சோறு சாப்புடுது. பிள்ளைய மாலை போட்டு ஒக்கார வெக்கிறாங்க. நீங்க முடிச்சா மட்டும் ஏன் பாலம் தாண்டி ஓடணும்?

— ஒம்போது வயசுப் பிள்ளைய யாரும் முப்பது வருசமா ஹாஜியார்னு கூப்புடலடா. புதுசா ஒரு கடை தொறந்தா போதும், ‘ஹாஜியார் ரெண்டு வரி ஓதட்டும்’பாங்க. நான் தொண்டையத் தொட்டுக் காட்டுவேன். முப்பது வருசமா எனக்குத் தொண்டை கட்டியே இருக்கு!

— ஒரு தடவ மாத்தி, பல் வலின்னு சொன்னீங்க. அம்மா நெசம்னு நம்பி பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க.

— நல்ல பல்லு ஒன்னு போச்சி. நான் என்ன செய்வேன் தம்பி? எட்டு வயசுல எங்க அத்தா என்னையக் கடையில தேத்தண்ணி ஆத்த நிறுத்திட்டாரு. கூட்டாளிங்க எல்லாம் தொப்பியப் போட்டு ஓதப் போனானுங்க, நான் கிளாஸ் கழுவுனேன். ஜார்ஜ் டவுன்ல ஓதாம வளந்த ஒரே ஆளு நான்தான்டா. அது வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எவன் மூஞ்சியில நான் முழிக்கிறது?

— அப்ப வீட்டுலயே வெச்சிக்குவோம். நீங்க, அம்மா, நான், உஸ்தாத். ஒட்டரிசியில ஒரு தட்டு மஞ்ச புலுட் சோறு. கதவச் சாத்திருவோம்.

— கதவச் சாத்தியா? நான் என்ன களவாண்டுட்டா வந்தேன்? இருநூறு பேரு வேணும் தம்பி! பெரிய பெரிய பாயா விரிச்சி, பன்னீர் தெளிச்சி, நடு மேடையில நான் ஒக்காரணும். வள்ளுஹா சூராவுலேருந்து கடைசி சூரா வரைக்கும், இந்த வாயால, மைக்ல ஓதணும். ரெண்டு ஆடு அறுக்கணும். இல்ல, மூணு!

— ஒரு தடவ சரி பாத்துக்கிறேன். யாருக்கும் தெரியக் கூடாது.

— கூடாது.

— இருநூறு பேரு வரணும்.

— வரணும்.

— மைக்கு.

— ரெண்டு. ஒன்னு மக்கர் பண்ணா இன்னொன்னு.

— அந்த இருநூறு பேரு யாரு அத்தா?

— முகம் தெரியாதவங்க.

— மண்டபம் வாடகைக்குக் கெடைக்கும். முகம் தெரியாத இருநூறு பேர எங்க போயி வாடகைக்கு எடுக்கிறது?

— அட போடா. பினாங்கு நாசி கண்டார் சும்மா குடுக்கிறோம்னா, சிம்பாங் அம்பாட்டே சட்டி தூக்கிட்டு வந்து நிக்கும். மண்டபத்தச் சுத்தி இருக்கிற வீடெல்லாம் நீ போயிச் சொல்லிட்டு வந்துரு.

— சொல்றேன். அழைப்புல யாரு பேரப் போட?

— பேரே வேணாம்.

— ‘யாரோ ஒருவர் ஓதி முடித்ததை முன்னிட்டு, யாரென்றே தெரியாத அனைவரும் குடும்பத்தோடு வருக.’ சரியா?

— நக்கலு! உங்கம்மா காமாரியா வளப்பு. ரோட்டப் பாத்து ஓட்டு... அந்தா, அந்தா! அந்த நீலக் கூரைதானே?

— அதுதான். வாசல்ல சாவிக்கொத்தோட நிக்கிறாரே, அவருதான் மண்டபத்தப் பாத்துக்கிறவரு. போன்ல திருநாவுக்கரசுன்னு சொன்னாரு.

— அல்ஹம்துலில்லா! நம்ம மார்க்கத்து ஆளு இல்ல. ஓதுறது, முடிக்கிறது, ஒன்னும் தெரியாது, துருவிக் கேக்க மாட்டாரு. எறங்கு. பேச்சு என்னோடது. நீ சிரிக்காம நில்லு, போதும்.

— நான் எப்ப சிரிச்சிருக்கேன்?

— வாங்க பாய், வாங்க தம்பி! திருநாவுக்கரசு நாந்தான். ஞாயித்துக்கிழமை காலி, ஒன்னும் பிரச்சன இல்ல லா. என்ன விசேசங்க?

— ரொம்பச் சின்ன விசேசம்ணே. குர்ஆன் ஓதி முடிச்சதுக்கு ஒரு துஆ, ஒரு சாப்பாடு. எம்... எம் பேரனுக்கு.

— பேரனுக்கா. ஆங், சரிங்க, சரிங்க. உள்ள வாங்க, மேடையப் பாருங்க. படி ஏற வேணாம், பக்கத்துல சறுக்கலா ஒரு பாதை போட்டு வெச்சிருக்கேன். முட்டிக்கு நல்லது.

— யாரு முட்டிக்கு?

— பொதுவா சொன்னேன் பாய். ஒக்காந்து ஓதறதுக்கு என்ன போட? தரையில பாயா, முதுகு சாயற நாற்காலியா?

— சின்னப் பையன்ணே, தரையிலயே ஒக்காந்துக்குவான்.

— அத்தா, நாற்காலியே வாங்கிக்குங்க. பேரனுக்குப் போன வாரந்தான் இடுப்பு புடிச்சிச்சி.

— டேய்!

— எடுத்துக்குங்க பாய், வாடகையில சேந்ததுதான். தலைக்கு மேல நல்ல வெள்ளை வெளக்கு ஒன்னு இருக்கு, எழுத்து பளிச்சின்னு தெரியும். தேத்தண்ணி ரெண்டு பானை: சீனி போட்டது ஒன்னு, போடாதது ஒன்னு.

— ஒம்போது வயசுப் பையனுக்கு எதுக்குண்ணே சீனி போடாத தேத்தண்ணி? சரி, அத விடுங்க. மைக்கு எப்படி, சத்தம் வருமா? கொஞ்சம் போடுங்களேன், பேரன் ஒக்காந்தா எப்படிக் கேக்கும்னு பாப்போம்.

— போட்டாச்சி பாய். பேசுங்க.

— அத்தா... அத்தா, மைக் பாக்க ஒன்னு ரெண்டு மூணுன்னா போதும். முழு சூராவே ஓதுறீங்க.

— விடுங்க தம்பி, ஓதட்டும். எனக்கு ஒரு வார்த்தையும் புரியல, ஆனா கேக்க எவ்வளவு நல்லா இருக்கு! வெளிய மோட்டார் சைக்கிள நிறுத்திட்டு ரெண்டு பேரு நின்னு கேக்கிறாங்க பாருங்க.

— கேட்டியா இக்மல்? கேட்டியாடா? என் குரல் அந்தச் செவுத்துல பட்டு எனக்கே திரும்பி வருது! நான்தானா அது?

— நீங்கதான் அத்தா. எதுக்கு அழுவுறீங்க?

— யாரு அழுவுறா? ஏர்கோன் காத்துடா, நேரா கண்ணுல அடிக்குது. அண்ணே, இந்த மண்டபந்தான்! வேற எதையும் பாக்க வேணாம். பதிவு பாரத்தக் குடுங்க, இப்பவே எழுதிருவோம்.

— அப்பாடா, நல்லதுங்க. பேரன் பேரு?

— பேரா... பேரு வந்து, கமால்.

— உங்க பேரு?

— கமால்.

— தாத்தா பேரையே வெச்சிட்டீங்க, எங்க ஆளுங்க மாதிரி. எங்கேருந்து வர்றீங்க பாய்?

— டவுன்லேருந்துண்ணே. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குக் கிட்டதான் கடை.

— டேய், விலாசத்த ஏன்டா சொல்ற!

— சொன்னா என்னங்க, நல்ல எடம். பேரனுக்கு என்ன வயசுன்னு எழுத?

— அதான் அப்பவே சொன்னேனேண்ணே. ஒம்போது.

— ஒம்போதே போடுங்கண்ணே. மேல ஒரு அம்பத்திரெண்டு இருக்கு, அதக் கணக்குல எடுக்க வேணாம்.

— இக்மல், வாய மூடுறியா! எழுதுங்கண்ணே, ஏன் பேனாவக் கீழ வெச்சிட்டீங்க?

— இல்ல பாய், நெசமாவே சின்னப் பையனா? நீங்க வெளையாடுறீங்கன்னு நெனச்சேன்.

— இதுல என்ன வெளையாட்டு? எங்கள்ல சின்னப் பிள்ளைங்கதான் ஓதி முடிக்கும். ஒம்போது, பத்து வயசுக்குள்ள எல்லாருமே முடிச்சிருவாங்க. டவுன்ல போயி யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க!

— மன்னிச்சிக்குங்க பாய், உங்க முறை எனக்குத் தெரியாது. பேரன் பேர்ல மண்டபத்த எடுத்துட்டு, அன்னைக்கி தாத்தா மேடையேறி ஓதறதுதான் வழக்கம்னுல்ல நான் நெனச்சிக்கிட்டிருந்தேன். இந்த வருசம் டவுன்லேருந்து வந்த ஏழு ஹாஜியாரும் அப்படித்தானே செஞ்சாங்க!