நம்ம ஊர்ச் சண்டை எந்தப் பேப்பரில்?

செவ்வாய்க்கிழமை மாலை. நல்லூர் பஸ் விருத்தாசலம் நிலையத்திலிருந்து இன்னும் கிளம்பவில்லை. எனக்கு முன் இருக்கையில் நூலகத்தில் வேலை பார்க்கும் அம்மாவும், ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம ஊரு சண்டைய நம்ம ஊரு லைப்ரரில தேடுனா எப்படிம்மா கெடைக்கும்?" என்றார் அந்த அம்மா.

"பீங்கான் கம்பெனில வேலைய நிறுத்துனது இங்கதானக்கா?"

"நடந்தது இங்கதான். ஆனா அப்ப நம்ம லைப்ரரிக்கு வாங்குனது பேப்பரோட திருச்சி பதிப்பு. ரயில்ல வெள்ளென வந்துடும். நம்ம ஊரு சேதி வந்தது புதுச்சேரி பதிப்புல. அத கடலூர் லைப்ரரில பைண்டு பண்ணி வச்சிருக்காங்க."

அந்தப் பெண் மடியிலிருந்த நோட்டை மூடினாள்.

"பேப்பர்ல ஒரு வரிகூட இல்லன்னு, அந்தக் கம்பெனில வேல பாத்த எங்கம்மாகிட்ட சொல்லிட்டேங்க்கா. காலனி ஆளுங்களுக்குத் தனி டீ கப்பு வச்சதுக்கு நீங்கல்லாம் வேலைய நிறுத்துனது நெசந்தானான்னு வேற கேட்டுட்டேன். அதுலேர்ந்து அம்மா அதப் பத்தி வாயே தொறக்கறதில்ல."

"நல்லா கேட்ட போ. மொதல்ல அம்மாவுக்குப் போனப் போடு."

நிலையத்துச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, தப்பு என்னுதுதான். வேற ஊரு பேப்பரப் பாத்துட்டேன். நாளைக்குக் கடலூர் போறேன். ஒம் பேரத் தேடி எடுத்துடறேன்."

மறுமுனையில் அவள் அம்மாவின் குரல் வந்தது.

"மொதல்ல அஞ்சலை பேரத் தேடு. அந்தக் கப்ப மொதல்ல ஒடச்சது அவ. நான் ரெண்டாவதாத்தான் ஒடச்சேன்."