இரண்டு கருப்பு ஒயர்கள்

கருப்பு ஒயரை யாரும் மதிப்பதில்லை. சிவப்பு என்றால் பயந்து ஒதுங்குவார்கள். போன மின்சாரம் திரும்பி வரும் வழி கருப்புதான் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. நான் மின்நிலையத்தில் முப்பத்தெட்டு வருடம் ஒயரிங் படம் வரைந்தவன். உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. அந்த மட்டில் பாராட்டலாம்.

என் மாப்பிள்ளை பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லும் தொழில் போதாதென்று, கார் ஷெட்டில் விமானம் கட்டினார். இரண்டு பேர் உட்காரலாம். தெருவில் அவருக்கு 'இறக்கை' என்று பெயர் வைத்தார்கள். கடைக்குப் போனால் என்னை 'இறக்கையோட மாமனார்' என்றார்கள். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாருக்கும் பட்டப்பெயர் கிடையாது. இருந்தாலும் மகள் கேட்டாள் என்று ஒயரிங் படம் போட்டுக் கொடுத்தேன்.

அந்த இன்ஜின் மின்சாரம் இல்லாமல் ஒரு நொடி ஓடாது. அதனால் தீப்பொறி கொடுக்கும் பெட்டிகள் இரண்டு, பேட்டரிகள் இரண்டு. ஒன்று செத்தால் மற்றது காப்பாற்றும். பதினோரு தாள்கள். ஒவ்வொரு ஒயருக்கும் எண், தடிமன், ஃப்யூஸ் அளவு. மாப்பிள்ளை ஏழாம் தாளை எக்ஸ்ரே மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு பெட்டியோட கருப்பு ஒயரும் ஒரே போல்ட்டுக்குத்தான் வருது. அது கழண்டா ரெண்டும் சேர்ந்து போயிடுமே?"

ஒயர் நறுக்கிக்கொண்டிருந்த மகள் சிரித்தாள். "அப்பா மாட்டிக்கிட்டாரு."

"பல்லு புடுங்கற மாப்பிள்ளை எனக்கு எர்த் சொல்லித் தர்றீங்களா? நம்பிக்கை இல்லேன்னா தாளைக் குடுத்துடுங்க, நான் கிளம்பறேன்."

"ஐயோ, அப்படியில்ல மாமா. நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்."

எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏழாவது படி மட்டும் நாலு விரல் உயரம் கூடுதல். என் அப்பா கட்டியது. யாரும் வாய் திறந்ததில்லை. அங்கே வந்ததும் காலைக் கொஞ்சம் தூக்கி வைப்போம், அவ்வளவுதான். பெரியவர்களை மதிப்பது என்றால் அது. மகளும் அந்தப் படியில் நடை பழகியவள்தான். அவள் சிரித்திருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இன்னொரு துளை, இன்னொரு போல்ட், பத்து நிமிட வேலை. மூன்று மாதம் ஞாயிறு தவறாமல் அந்த ஷெட்டுக்குப் போனேன். அவர் சொன்னது சரி என்று மட்டும் சொல்லவில்லை. விமானத்தைச் சோதிக்க வந்த அதிகாரி ஏழாம் தாளில் விரலை வைத்தபோதும், "என் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டேன். அவரும் மேற்கொண்டு கேட்காமல் அந்தப் படியில் காலைத் தூக்கி வைத்தார்.

மாப்பிள்ளை தனியாக மூன்று முறை பறந்தார். ஒன்றும் ஆகவில்லை. நாலாவது முறை மகள் ஏறுவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் மதியம், அவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது இன்ஜின் மூடியைத் திறந்து பார்த்தேன். இரண்டாவது துளை இருந்தது. ஒரு கருப்பு ஒயரை அங்கே மாற்றியிருந்தார். பழைய இடத்தில் ஒற்றை ஒயருக்கு ஏற்ற குட்டை போல்ட்டைப் போட்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்துக்கு நேரே "சரியாத்தான் இருக்கும்" என்றவர்.

ஒயரைப் படத்தில் உள்ளபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். இரண்டு முனைகள் சேர்ந்ததும் போல்ட்டின் நீளம் போதவில்லை. நட்டுக்குள் பாதி மரைதான் ஏறியது. அப்படி விட்டால் அதிர்வில் கழன்றுவிடும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லித் தருவது. நீளமான போல்ட் வேண்டுமென்றால் மாப்பிள்ளையைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் ஏன் என்பார். ஏறிய வரைக்கும் நன்றாகவே இறுக்கினேன். எனக்கு யார்மீதும் கோபம் இல்லை.

மறுநாள் மகள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "அப்பா, எல்லாம் சரிதானே?" என்றாள். மாப்பிள்ளை பக்கத்திலேயே இருந்தார். அவர் எதிரில் என்ன சொல்வது?

"என் கையெழுத்து இருக்கே" என்றேன்.

விமானம் மரங்களுக்கு மேலே போனதும் இன்ஜின் சத்தம் நின்றது. இறங்க இடம் இல்லை. இருவரும் பிழைக்கவில்லை.

'படம் வரைந்தவரின் அறியாமையும் முதுமையுமே காரணம். நடவடிக்கை தேவையில்லை' என்று அறிக்கையை முடித்திருக்கிறீர்கள். உங்கள் கருணை எனக்கு வேண்டாம். சொந்தபந்தம் அத்தனை பேரும் அதைப் படிப்பார்கள். எனக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் செய்தேன். அறியாமை என்ற சொல்லை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் கொலை என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.