கழுகுக்குள் ஒரு காக்கா

— கதவச் சாத்து எட்மண்ட் மச்சான், சாரல் அடிக்குது.

— சாத்திட்டேன். என் தங்கச்சி லவினா உனக்குச் சால்மன் மீன் சூப் குடுத்து விட்டா... ஏன் மாப்ள, இன்னுமா சாயம் பூசற? விடிஞ்சா கம்பத்த நிமித்தணும்.

— அலகு மட்டும்தான் பாக்கி. அங்கயே நில்லு. இந்தப் பக்கம் வராத.

— ஏன்?

— ஈரம். சட்டையில ஒட்டிக்கும்.

— ஒட்டட்டுமே, எனக்கு வாக்கப்பட்ட உன் தங்கச்சிதானே தொவைக்கப் போறா! தள்ளுய்யா... அடேயப்பா. கழுகு மூக்கு நம்ம வெஸ்லி மூக்கேதான்.

— செத்தவனுக்கு மூக்கென்ன, முழியென்ன...

— வாய மூடு. கழுகுக் குலத்துப் புள்ள அவன், என் தங்கச்சி பெத்த மருமவன். அவன் பேரச் சொல்லி நிக்கப் போற கம்பம் இது... ஆமா, இறக்கைக்கு அடியில இது என்ன?

— எது?

— கட்டைவிரல் அளவுல, கறுப்பா.

— அது... மரத்துக் கணு.

— கணுவுக்கு அலகு மொளைக்குமா மாப்ள?

— அதத் தொடாத. ஈரம்.

— அண்டங்காக்கா. உன் குலத்துச் சின்னம்.

— மெதுவாப் பேசேன்.

— புள்ள தாயோட குலத்துக்குத்தான் சொந்தம்னு நம்ம ஹைடா நாட்டுல தவழற கொழந்தைக்கும் தெரியும்! அப்பன் செதுக்கலாம், முறைதான். அதுக்காக உன் காக்காவ வைப்பியா? நாளைக்கு விருந்துக்கு வர்றவன் ஒவ்வொரு இறகையும் தடவிப் பாப்பான். காறித் துப்புவான்.

— தெரியும்.

— தெரிஞ்சுமா?

— உசிரோட இருந்தவரைக்கும் அவன் உன் புள்ளதானே மச்சான். பேரு நீ வச்ச. வலை வீச நீ சொல்லிக் குடுத்த. நான் ஏதாவது கேட்டேனா? கடலு அவன் உடம்பக்கூடத் திருப்பிக் குடுக்கல. இந்த மரம் ஒண்ணுதான் மிச்சம். இதுல ஒரு ஓரமா நானும் இருந்துட்டுப் போறேனேன்னு... தாங்க முடியல மச்சான்.

— அழுவாதய்யா. ஏய்... ரூஃபஸ்...

— சரி, விடு. எடுத்துடறேன். அந்த உளிய இப்படிக் குடு.

— வேணாம்.

— நீதானே இப்ப...

— தாய்மாமன் முறைக்குச் சொல்லணும், சொல்லிட்டேன். அதோட என் கடமை முடிஞ்சுது.

— லவினா பாத்தா? உங்க குலத்துக் கம்பம். பெத்தவ மனசு என்ன பாடுபடும்?

— பாத்துட்டாய்யா. நீ கரைப்பக்கம் போற நேரமெல்லாம் இங்க வந்து, அந்தக் காக்கா மேல கன்னத்த வச்சுக்கிட்டுக் கெடக்கா. 'எம் புள்ள தனியாப் போகல, அப்பன் கூடத்தான் போயிருக்கான்னு நெனச்சுக்கறேண்ணே... கடைசி நேரத்துல பயந்துபோய் அத எடுத்துடுவாரு, போய்த் தடு'ன்னு அவதான் என்ன அனுப்பினா.