முதல் செம்புப் பானகம்

2025 ஜூலை 9, புதன்கிழமை. இன்று காலை எங்கள் ஊரான தேவாரத்தின் கடைத்தெருவில் தக்காளி வாங்கினேன். கடைக்காரர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். நான் பொறுக்கியவற்றுள் நசுங்கியிருந்ததைத் தாமே எடுத்துவிட்டு நல்லதொன்றை வைத்தார். என் குறை இதுதான்: இந்த ஊர் இன்னும் எனக்கு வணக்கம் சொல்கிறது. ஊரே ஒரு பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, ஒருவர்கூட என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன் என்று நம்புகிறேன்.

நான் தங்கப்பாண்டியன், ஓய்வு பெற்ற தமிழாசிரியன். அந்தப் பெண்ணின் பெயர் நிரோசா. மன்னாரிலிருந்து தாயுடன் படகேறி வந்தபோது அவளுக்கு வயது ஆறு. எங்கள் ஊருக்கு மேற்கேயுள்ள அகதிகள் முகாமில் வளர்ந்தாள். நெடுந்தூர ஓட்டமே அவளுடைய தொழில். கேரளத்திலும் கோவைப் பக்கத்திலும் நடக்கும் போட்டிகளில் ஓடி, வென்ற பரிசைக் கொண்டுதான் தன்னையும் தாய் புஸ்பராணியையும் காப்பாற்றிவந்தாள். அவள் ஓடுவதைக் கண்டிருக்கிறேன். கடைசி மைலிலும் தோள் அசையாது. அந்த ஓட்டத்தில் திருத்துவதற்கு எதுவும் இல்லை. ஐம்பது பேர் எழுதிய கட்டுரைகளைத் திருத்தியே வாழ்ந்தவனுக்கு அது எவ்வளவு எரிச்சலூட்டும் என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள்.

என் மகள் வயிற்றுப் பேத்தி சினேகாவும் ஓடுகிறாள். இருவரும் விடியற்காலையில் பதினெட்டாம் கால்வாய்க் கரையில் சேர்ந்து ஓடிப் பழகினார்கள். எந்தப் போட்டியிலும் நிரோசா முதலாவது, சினேகா இரண்டாவது. ஒருமுறை, அவளைவிட்டுத் தனியாகப் பயிற்சி செய் என்று சினேகாவிடம் சொன்னேன்.

“போங்க தாத்தா, அவ முன்னாடி ஓடுறதுனாலதான் எனக்குக் காலே வருது. தனியா ஓடுனா நம்ம ஊரு நாய்கூட என்னைய வெரட்டாது” என்று சிரித்தாள்.

இந்த ஆண்டு கொச்சியிலுள்ள ஒரு தனியார் நிறுவனம் தன் ஓட்ட அணிக்கு ஒரே ஒரு பெண்ணைத் தேடியது. மாதச் சம்பளம், பயிற்சியாளர், தங்குமிடம் எல்லாம் உண்டு. மே மாதம் பதினொன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மதுரையில் தேர்வு ஓட்டம். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சினேகாவுக்குக் காவல்துறை இருந்தது, இரயில்வே இருந்தது. நிரோசாவுக்கு இந்த நாட்டின் குடியுரிமை இல்லை. எந்த அரசு வேலையும் அவளுக்குக் கிடைக்காது. அவளுக்கிருந்த கதவு அது ஒன்றுதான். அது எனக்குத் தெரியும். ஆயினும், இந்த மண்ணில் பிறந்த பிள்ளை இரண்டாவதாகவே நிற்பது முறையன்று என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தில் இன்றும் என்னால் முழுப் பிழையைக் காண இயலவில்லை.

எங்கள் ஊரில் சித்திரைத் திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் மண்டகப்படி. அம்மன் அன்று அக்குடும்பத்தாரின் பந்தலில் வந்திறங்குவாள். அவ்வீட்டு மூத்தவர் தம் கையால் பானகம் வழங்குவார். முதல் செம்பு யாருக்கு என்பதை அவரே முடிவு செய்வார். முதல் செம்பு வாங்கியவரை இவர் எந்த ஊர் என்று அதற்குப் பிறகு எவரும் கேட்பதில்லை. முகாம்காரர்கள் வந்த நாள் முதல் கடைசி வரிசையில் நின்று, கையேந்தி வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். எங்கள் குடும்பத்தின் நாள் இவ்வாண்டு மே ஒன்பது, வெள்ளிக்கிழமை.

முதல் செம்பு நிரோசாவுக்கு என்று நான் சொன்னபோது, கோயில் பொறுப்பாளர் ஒச்சாண்டி தலையைச் சொறிந்தார்.

“என்ன சார், கேம்ப்புப் பிள்ளைக்கா? நம்ம பயலுக மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாய்ங்களே.”

“அவள் இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவள்” என்றேன்.

“அதுஞ் சரிதான். சாரே சொன்னாகன்னா எவன் வாயத் தெறப்பான்? அவ ஓடுன ஓட்டத்துக்குச் செம்பு என்ன, அண்டாவையே தூக்கிக் குடுக்கலாம்.”

ஒலிபெருக்கியில் அவள் பெயரை நானே அறிவித்தேன். கடைசி வரிசை கலைந்து வழிவிட்டது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தாள். செம்பைப் பார்த்ததும் தயங்கினாள். தொழிலாக ஓடுகிறவர்கள் பிறர் கொடுப்பதைக் குடிப்பதில்லை. தண்ணீரையும் தம் குப்பியிலேயே கொண்டு செல்வார்கள்.

“ஐயா, கோவிக்காதேங்கோ. ஓட்டம் இருக்கிற கிழமையில நான் வெளியில ஒண்டும் குடிக்கிறேல்லை” என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. கிழமை என்றால் அவர்கள் பேச்சில் வாரம்.

நான் செம்பை நீட்டியபடியே நின்றேன். பின்னாலிருந்து புஸ்பராணி மெதுவாகச் சொன்னாள்: “வாங்கு பிள்ளை. எல்லாரும் பாக்கினம்.”

இரு கைகளாலும் வாங்கினாள். ஒரு சொட்டும் மிச்சம் வைக்காமல் குடித்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். புஸ்பராணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முகாம்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவ்வளவு நிறைவான மண்டகப்படியை எங்கள் குடும்பம் அதற்கு முன் நடத்தியதில்லை.

அந்தச் செம்பில் வெல்லம், சுக்கு, எலுமிச்சை, போடிச் சந்தையில் வாங்கிய ஏலக்காய் ஆகியவை இருந்தன. என் இழுப்பு நோய்க்கு மருத்துவர் கொடுத்திருந்த மாத்திரைகளும் பொடியாகக் கரைந்திருந்தன. மார்கழியில் சினேகா இருமிக்கொண்டிருந்தபோது அம்மாத்திரையில் ஒன்றை நீட்டினேன். “ஐயோ தாத்தா, போட்டிச் சமயத்துல இதத் தின்னா சோதனையில மாட்டிக்கிருவேன். ஓடவே விடமாட்டாக” என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வேண்டிய அறிவை என் பேத்தியே எனக்குக் கொடுத்தாள். ஏலக்காயை மட்டும் சற்றுக் கூடுதலாகச் சேர்த்தேன், மாத்திரை கசக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நிரோசாவே வென்றாள். சினேகா வழக்கம்போல் இரண்டாவது. ஜூன் மாதத்தில் சோதனை முடிவு வந்தது; நிரோசா ஓடுவதற்குத் தடை விதித்தார்கள். ‘வீராங்கனை ஊக்கமருந்து உட்கொண்டார்’ என்று செய்தித்தாளில் அச்சிட்டார்கள். வாக்கியத்தில் பிழையில்லை, அதனால் எல்லாரும் நம்பினார்கள். தேநீர்க் கடையில், “அதான, அம்புட்டு ஓட்டம் சும்மா வருமா?” என்றார் ஒருவர். நான் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன்.

அந்த இடம் சினேகாவுக்கு வந்தது. “எனக்கு வேணாம் தாத்தா, அவ அப்படிச் செய்யிறவ இல்ல” என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். நீ விட்டுவிட்டால் அது முன்பின் அறியாத ஒருத்திக்குப் போகும், நீ சம்பாதித்தால் நிரோசாவுக்கு உதவலாம் என்று எடுத்துரைத்தேன். அவள் கொச்சிக்குப் போய்விட்டாள். அனுப்பிவைக்க நிரோசாவும் பேருந்து நிலையத்துக்கு வந்திருந்தாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன்.

சென்ற வாரம் புஸ்பராணி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஐயா, அந்தக் கிழமை என்னென்ன சாப்பிட்டனி எண்டு விசாரணையில கேட்டவை. எல்லாம் சொன்னவள். பானகத்தை மட்டும் சொல்லமாட்டன் எண்டுட்டாள்.”

“ஏன்?”

“ஊர் குடுத்த மரியாதையில பழி போடேலாதாம். ஐயான்ர கையால வாங்கினது, அதில ஒண்டும் இருக்காது எண்டு என்னோட சண்டை. நீங்களாவது அவளுக்குச் சொல்லுங்கோ, ஐயா. நீங்கள் சொன்னால் கேப்பாள்.”

“அவள் சொல்வது சரிதானே, அம்மா” என்றேன். புஸ்பராணி தலையசைத்தாள். வாசலில் நின்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து உறக்கம் இல்லை. வயதானவர்களுக்கு உறக்கம் குறைவது இயல்பு என்று மருத்துவர் சொல்கிறார்.

ஆகவே எழுதுகிறேன். மாத்திரையைக் கரைத்தவன் நான். செம்பை நீட்டியவன் நான். அவள் மறுத்தபோது, அவள் மறுக்க முடியாது என்பதை அறிந்தே கையை மடக்காமல் நின்றவன் நான். நிரோசா ஒரு குற்றமும் செய்யவில்லை.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்றைக் கோருகிறேன். இதனை விசாரணைக் குழுவினரிடம் சேர்த்து, அவள் பெயரிலுள்ள கறையைத் துடையுங்கள். எனக்குரிய தண்டனையைக் கொடுங்கள், மேல்முறையீடு செய்யமாட்டேன். ஆனால் சினேகா புதிய இடத்தில் இப்போதுதான் காலூன்றியிருக்கிறாள். அவளைத் தொடாதீர்கள், அவளிடம் எதையும் சொல்லாதீர்கள். நிரோசாவை அடுத்த தேர்வு வரை காத்திருக்கச் சொல்லுங்கள். முகாமில் இருப்பவர்களுக்கு அது பழக்கம்தானே.