ஏரிக்குத் தலைவர்

விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறி உட்கார்ந்தேன். முன் சீட்டில் மாமனும் மச்சானுமாக இரண்டு பேர், இருவருக்குமே தலை நரைத்திருந்தது. பெரியவர் திடீரென்று எழுந்து, "எங்க ஏரிக்குத் தலைவர் வந்துக்கினு இருக்காரு, வழி வுடுங்கப்பா!" என்று கத்தினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"மாமா, மானத்த வாங்காதீங்க. ஏரியில மண்ணு எடுக்கறத நிறுத்தத்தானே எல்லாரும் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம்? உங்க தலைவர் யாருன்னு ஆபீசர் கேட்டாரு. யாரும் வாயத் தொறக்கல. நான் கையத் தூக்கிட்டேன்."

"யாரும் இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே, சேவியரு? நம்ம ஏரிக்கு என்னிக்குத் தலைவர் இருந்தாரு? மதகு தொறக்கணும்னா ஊரே கரையில உக்காந்து பேசும். ஒருத்தர் வேணாம்னாலும் மறுபடி பேசும்."

"அதச் சொன்னா சிரிப்பாங்க மாமா."

"சிரிக்கட்டுமே! மண்ணு எடுக்கறவன் மொத்த ஊரையும் வாங்க முடியாம பேஜாராக் கெடந்தான். இனிமே ஒருத்தன வாங்கினா போதும்."

"என்னயா வாங்குவான்? என்னயா?"

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் சேவியரின் போன் அடித்தது. அந்தப் பக்கம் பேசியவர் குரல் எனக்கே கேட்டது. "வணக்கம் தலைவரே! ஏரி மண்ணு விஷயமா உங்கள மட்டும் தனியாப் பாக்கணும்."

சேவியர் மாமாவின் முதுகைப் பார்த்தார். பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டு, "எங்கங்க வரணும்?" என்று கேட்டார்.